'மெமென்டோ' பார்த்துக் குழம்பியவர்களுக்கு: மறதிப் படங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில் ஒரு எச்சரிக்கை. 'மெமென்டோ', 'ஷட்டர் ஐலண்ட்' இரண்டின் முடிவும் கீழே அப்பட்டமாக உடைக்கப்படுகிறது. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், இந்தப் பக்கம் எங்கேயும் போய்விடாது. குழப்பம் அதிகம் 'மெமென்டோ'வைப் பற்றித்தான் என்பதால் முக்கால்வாசி இடத்தை அதுவே எடுத்துக்கொண்டது.

பார்த்து ரொம்ப நாளாச்சு. 'மெமென்டோ' கதையை ஒருமுறை சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

கிறிஸ்டோபர் நோலன் இயக்கி 2000-ல் வந்த படம். தம்பி ஜோனதன் நோலன் ஒரு நீண்ட கார் பயணத்தில் அண்ணனிடம் சொன்ன சிறுகதை யோசனைதான் மூலம். கதாநாயகன் லெனர்ட் ஷெல்பி, இன்சூரன்ஸ் நிறுவனத்துக்காக கிளெய்ம்களை விசாரிப்பவன். ஒரு ராத்திரி வீட்டுக்குள் புகுந்தவர்கள் மனைவியைத் தாக்குகிறார்கள். தடுக்கப் போனவனுக்குத் தலையில் அடி. அன்றுவரை நடந்ததெல்லாம் ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் நடப்பது எதுவும் சில நிமிடங்களுக்கு மேல் மண்டையில் தங்குவதில்லை. மனைவியைக் கொன்றவன் என்று அவன் நம்பும் 'ஜான் ஜி' என்ற ஆளைத் தேடுகிறான். கையில் இருப்பவை போலராய்டு படங்கள் (எடுத்த உடனே கேமராவே அச்சிட்டுத் தருபவை), அவற்றில் எழுதிய குறிப்புகள், உடம்பெல்லாம் பச்சை குத்திய 'உண்மைகள்'. கூடவே சுற்றுகிறான் டெடி என்றொருவன். உதவி செய்கிறாள் நடாலி என்றொருத்தி. இருவரையுமே எதற்காக நம்புகிறோம் என்பது லெனர்டுக்குத் தெரியாது. சீட்டில் எழுதியிருக்கிறது, அதனால் நம்புகிறான்.

ஏன் படம் பின்னாலிருந்து முன்னால் ஓடுகிறது? வித்தை காட்டத்தானே?

முழுப்படமும் பின்னோக்கி ஓடவில்லை, பலரும் இங்கேதான் வழுக்கி விழுகிறோம். இரண்டு சரடுகள் இருக்கின்றன. வண்ணக் காட்சிகள் கடைசி நிகழ்ச்சியில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பின்னால் போகின்றன. கறுப்பு வெள்ளைக் காட்சிகள் (மோட்டல் அறையில் உட்கார்ந்து லெனர்ட் போனில் பேசிக்கொண்டிருப்பது) நேர் வரிசையில் முன்னால் வருகின்றன. ஒன்று விட்டு ஒன்றாக இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறார்கள். கடைசியில் ஒரு பாழடைந்த கட்டடத்தில் இரண்டும் சந்திக்கின்றன. தான் கொன்றவனின் சடலத்தை லெனர்ட் போலராய்டில் எடுக்கிறான். அந்தப் படம் மெல்லத் தெளிந்து வரவர, கறுப்பு வெள்ளை வண்ணமாகிவிடுகிறது. முதல் தடவை பார்த்தபோது எனக்கு அந்த மாற்றம் கண்ணில் படவே இல்லை.

வித்தைதான், ஆனால் காரியமுள்ள வித்தை. ஒவ்வொரு வண்ணக் காட்சியும் தொடங்கும்போது இதற்கு முன் என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியாது. லெனர்டுக்கும் தெரியாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு காட்சி ஆரம்பிக்கிறது. எதிரே இன்னொருவனும் ஓடுகிறான். 'நான்தான் இவனைத் துரத்துகிறேன் போல' என்று லெனர்ட் அவனை நோக்கிப் பாய, அவன் துப்பாக்கியை நீட்டிச் சுட வருகிறான். சரி, துரத்துவது அவன்தான். தியேட்டரில் சிரிப்பு வந்திருக்கும். ஆனால் அந்த நொடியில் நாமும் லெனர்ட் நினைத்ததையேதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நேர் வரிசையில் அடுக்கிப் பார்த்தால் எளிதாகப் புரியாதா?

புரியும். அப்படியொரு பதிப்பை டிவிடியின் ஒரு சிறப்பு வெளியீட்டில் ஒளித்தும் வைத்தார்கள். முதல் தடவையே அப்படிப் பார்ப்பதை மட்டும் நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

காரணத்துக்கு நடாலி காட்சி ஒன்றே போதும். படத்தின் வரிசையில் நாம் முதலில் பார்ப்பது முகம் வீங்கி நிற்கும் நடாலியை. டாட் என்பவன் அடித்துவிட்டான் என்கிறாள். லெனர்டுக்குக் கோபம் வருகிறது, நமக்கும்தான். டாடைத் தேடிக் கிளம்புகிறான். அதற்கப்புறம்தான் இதற்கு முந்தைய காட்சி வருகிறது. நடாலி வீட்டிலுள்ள பேனாக்களை ஒன்று விடாமல் பொறுக்கித் தன் பையில் போட்டுக்கொள்கிறாள். பிறகு அவன் மனைவியைப் பற்றி வாய்கூசும்படி பேசி அவனைச் சீண்டுகிறாள். அவன் கைநீட்டிவிடுகிறான். அவள் சிரித்துக்கொண்டே வெளியே போய்த் தன் காரில் உட்கார்ந்து காத்திருக்கிறாள். உள்ளே லெனர்ட் எழுதி வைக்க ஒரு பேனா கிடைக்காதா என்று வீட்டையே கலைத்துத் தேடுகிறான். மறந்துவிடக் கூடாது, மறந்துவிடக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். கார் கதவு சாத்தும் சத்தம் கேட்கிறது. கவனம் சிதறுகிறது. அவ்வளவுதான், போயிற்று. வாசலில் நடாலி வீங்கிய முகத்தோடு நிற்கிறாள்.

இதை நேர் வரிசையில் பார்த்தால் ஒரு பெண் ஒரு அப்பாவியை ஏமாற்றும் காட்சி, அவ்வளவே. நமக்கு எல்லாம் தெரியும், அவனுக்குத் தெரியாது, 'ஐயோ பாவம்' என்று உச்சுக்கொட்டுவோம். படத்தின் வரிசையிலோ ஏமாந்தது நாமும்தான். இந்த வித்தியாசத்தில்தான் படத்தின் உயிரே இருக்கிறது.

கடைசியில் உண்மையில் என்னதான் நடந்தது?

டெடி சொல்வதை நம்பினால் இப்படி. தாக்குதலில் மனைவி சாகவில்லை, பிழைத்துக்கொண்டாள். அவளுக்கு நீரிழிவு. பின்னால் இன்சுலின் ஊசியில்தான் இறந்தாள், போட்டது லெனர்ட். தாக்கியவனை லெனர்ட் எப்போதோ பழிவாங்கியும் முடித்துவிட்டான், மறந்துவிட்டான். போலீஸ்காரனான டெடி அதற்குப் பிறகு அவனைத் தன் சொந்தக் காரியங்களுக்குக் கொலைக் கருவியாகப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறான். 'ஜான்' என்பதும் 'ஜி'யில் தொடங்கும் குடும்பப் பெயரும் யாருக்குத்தான் இருக்காது? டெடியின் சொந்தப் பெயரே ஜான் கேமல்.

இதைக் கேட்ட லெனர்ட் அடுத்துச் செய்வதுதான் எனக்குப் படத்தின் மையம். இன்னும் சில நிமிடங்களில் இதெல்லாம் மறந்துபோகும் என்று அவனுக்குத் தெரியும். பழிவாங்கியாயிற்று என்பதைக் காட்டும் படங்களை எரிக்கிறான். டெடியின் படத்துக்குப் பின்னால் 'இவன் சொல்லும் பொய்களை நம்பாதே' என்று எழுதுகிறான். டெடியின் கார் நம்பரைக் குறித்துக்கொண்டு, அதைக் கொலைகாரனின் கார் நம்பராகப் பச்சை குத்திக்கொள்ளப் புறப்படுகிறான். அதாவது, நாளைக்கு வரப்போகும் தன்னையே அவன் இன்றைக்குத் திட்டம் போட்டு ஏமாற்றுகிறான். படத்தின் முதல் காட்சியில் டெடி செத்தது இந்தக் குறிப்புகளால்தான்.

படம் முழுக்க 'என் கையெழுத்தை மட்டும் நம்புவேன்' என்று நடந்துகொண்டவன் அவன். பிறர் எழுதிய சீட்டை வைத்துக்கொண்டால் ஆபத்து என்று தெரிந்த கெட்டிக்காரன். அவனை ஏமாற்றியவர்களிலேயே பெரியவன் அதே கையெழுத்துக்காரன்தான்.

அப்படியானால் சாமி ஜான்கிஸ் என்பவனே லெனர்ட்தானா?

சாமி, லெனர்ட் இன்சூரன்ஸ் வேலையில் இருந்தபோது விசாரித்த ஒருவன். அவனுக்கும் இதே மறதி. அவன் மனைவி அவனைச் சோதிப்பதற்காகத் திரும்பத் திரும்ப இன்சுலின் போடச் சொல்லி, அதிலேயே போய்ச் சேர்ந்தாள் என்பது லெனர்ட் சொல்லும் கதை. சாமிக்கு மனைவியே கிடையாது, இது உன் சொந்தக் கதை என்கிறான் டெடி.

மருத்துவ இல்லத்தில் சாமி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். குறுக்கே ஓர் ஆள் கடந்து போகிறார். அடுத்து ஒரு கண் இமைப்பு நேரம் அந்த நாற்காலியில் இருப்பது லெனர்ட். நோலன் சும்மா வைத்திருக்க மாட்டார். நான் டெடி கட்சிதான், பாதிக்கு மேல் உண்மை சொல்கிறான் என்றே நினைக்கிறேன். ஆனால் டெடியும் வாயைத் திறந்தால் பொய் சொல்கிற ஆள் என்பதையும் படம் அதற்குள் காட்டிவிட்டது. இந்தச் சண்டையை என் நண்பர் ஒருவரோடு பல வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன், தீரவில்லை.

இப்படி ஒரு நோய் நிஜமாகவே உண்டா?

உண்டு, ஆனால் அபூர்வம். மருத்துவப் புத்தகங்களில் நெடுங்காலம் 'ஹெச்.எம்.' என்ற இரண்டு எழுத்துகளாக மட்டுமே இருந்த ஒருவர்தான் இதற்குப் பெரிய சாட்சி. முழுப்பெயர் ஹென்றி மோலைசன், அமெரிக்கர். கடுமையான வலிப்பு நோய்க்காக 1953-ல், அவருக்கு 27 வயதானபோது, வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் அவர் மூளையின் இரு பக்கமும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பெரும்பங்கை வெட்டி எடுத்தார். வலிப்பு குறைந்தது. கூடவே, புதிய நினைவுகள் தங்குவதும் நின்றுபோனது. பழைய நினைவு பெருமளவு இருந்தது, புத்தி கெடவில்லை, பேச்சு நன்றாகவே இருந்தது. பத்து நிமிடம் முன்னால் பேசியவர் திரும்பி வந்தால் மட்டும் புது ஆள்.

பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவருக்கு ஒரு சோதனை வைத்தார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தின் கோட்டின்மேல் பென்சிலை ஓட்ட வேண்டும். செய்து பாருங்கள், கை எதிர்ப்பக்கமாக இழுக்கும். மோலைசன் நாளுக்கு நாள் தேறினார். ஆனால் ஒவ்வொரு நாளும் 'இதை இப்போதுதான் முதல் தடவை செய்கிறேன்' என்றே நினைத்தார். நிகழ்ச்சிகளை வைக்கும் இடம் வேறு, கைப்பழக்கத்தை வைக்கும் இடம் வேறு என்பது அப்படித்தான் தெளிவானது. சாமியின் கிளெய்மை லெனர்ட் நிராகரித்ததும் இதே தர்க்கத்தில்தான்: மூளையில் நிஜமான சேதம் என்றால்கூட, ஷாக் அடிக்கும் பொருளைத் தொடக் கூடாது என்று பழக்கத்தால் கற்றுக்கொண்டிருக்க வேண்டுமே, ஏன் கற்கவில்லை? வீட்டுப்பாடம் செய்துதான் எழுதியிருக்கிறார்கள்.

மோலைசன் 2008-ல், 82 வயதில் காலமானார்.

'கஜினி'யில் வருகிற அந்த 15 நிமிடக் கணக்கு?

கடிகாரம் வைத்தாற்போல் 15 நிமிடத்துக்கு ஒருமுறை அழிவதெல்லாம் சினிமா வசதி. நிஜத்தில் நேரத்தைவிட கவனம்தான் முக்கியம். கவனம் கலையாதவரை தாங்கும், கலைந்தால் போச்சு. இதில் ஒரு வேடிக்கை: மோலைசனிடம் ஒருமுறை 584 என்ற எண்ணை நினைவில் வைக்கச் சொன்னார்கள். எண்களைக் கூட்டியும் பிரித்தும் மனத்துக்குள் ஓயாமல் உருப்போட்டபடி 15 நிமிடம் அவரால் தாக்குப்பிடிக்க முடிந்தது. பேச்சு வேறு பக்கம் திரும்பியதும் எண் மட்டுமல்ல, எண் என்று ஒன்றைக் கொடுத்ததே மறந்துபோனது. நடாலி வீட்டின் கார் கதவுச் சத்தம் ஞாபகம் வருகிறதா?

'கஜினி' காப்பிதானே?

பச்சை குத்துவது, போலராய்டு, பழிவாங்கல் மூன்றும் 'மெமென்டோ'விலிருந்து வந்தவை என்பதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் 2005-ல் ஏ.ஆர். முருகதாஸ் எடுத்தது அடிப்படையில் வேறு வகைப் படம். கல்பனா (அசின்) மேல் சஞ்சய் ராமசாமிக்கு (சூர்யா) வந்த காதல்தான் அதன் நெஞ்சு. அந்தக் காதல் நமக்கு டைரி வழியாக வருகிறது. அந்த டைரியில் எழுதியிருப்பது உண்மையா என்று நாம் ஒரு நொடிகூடச் சந்தேகப்படுவதில்லை. வில்லன் வில்லன்தான், கல்பனாவைக் கொன்றவன் அவன்தான். கதாநாயகனுக்கு மறக்கிறதே தவிர, படத்துக்கு எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. 'மெமென்டோ'வில் படத்துக்கே தெரியாது. அழ வைப்பதில் 'கஜினி' கில்லாடி, குழப்புவது அதன் நோக்கமே இல்லை.

ஒரு சின்ன விஷயம்: நோயின் பெயர் கஜினி இல்லை! மறதிக்காரர்களை ஊரெல்லாம் 'கஜினி' என்று கூப்பிடப்போய் அப்படி ஆகிவிட்டது. நமக்குப் பள்ளிக்கூடத்தில் 17 முறை படையெடுத்தவராக வருவாரே, அந்த கஜினி முகமதுவின் ஞாபகம்தான் பெயரில் இருப்பது. 2008-ல் அமீர்கான் நடித்த இந்திப் பதிப்பில் அது வில்லனின் பெயராகவே ஆனது.

மறதியைச் சரியாகக் காட்டிய தமிழ்ப் படம்?

சிரிக்காதீர்கள், 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்' (2012). கிரிக்கெட் ஆடும்போது பின்னந்தலையில் அடிபட்ட மாப்பிள்ளை, கல்யாணம் நெருங்கும் நேரத்தில் கொஞ்ச காலத்து ஞாபகத்தைத் தொலைத்துவிடுகிறான். அதே கேள்வி, அதே வார்த்தை, அதே சைகை, திரும்பத் திரும்ப. காமெடிக்காகச் செய்ததுபோல் இருக்கும், ஆனால் தலையில் அடிபட்டுத் தற்காலிகமாக ஞாபகம் குழம்பியவர்கள் நிஜமாகவே அப்படித்தான் டேப் ரெக்கார்டர் மாதிரி கேட்டுக்கொண்டிருப்பார்கள். படத்தின் ஒளிப்பதிவாளர் பிரேம்குமாருக்கு (பின்னாளில் '96' எடுத்தவர்) நடந்ததை வைத்தே பாலாஜி தரணீதரன் எழுதியது என்பதால் வந்த துல்லியம் அது.

பாலுமகேந்திராவின் 'மூன்றாம் பிறை' (1982) பெரிய படம், சந்தேகமில்லை. ஆனால் விபத்தில் அடிபட்ட பெண் முழுக்கக் குழந்தையாக மாறுவதும், குணமானதும் நடுவிலிருந்த காலம் சுத்தமாகத் துடைக்கப்படுவதும் கதைக்காக வளைத்த மருத்துவம். அந்த வளைவு இல்லாவிட்டால் ரயில் நிலையத்தில் கமல் குரங்காட்டம் ஆடும் முடிவு நமக்குக் கிடைத்திருக்காது. பரவாயில்லை.

தலையில் இன்னொரு அடி விழுந்தால் நினைவு திரும்புமா?

திரும்பாது. இரண்டாவது அடி சேதத்தை அதிகமாக்கும். தயவுசெய்து முயற்சிக்காதீர்கள்.

ஒழுங்காக எழுதி வைத்தால் லெனர்ட் மாதிரி வாழ முடியுமா?

இங்கிலாந்தில் கிளைவ் வேரிங் என்ற இசைக்கலைஞருக்கு 1985-ல் ஒரு வைரஸ் மூளையைத் தாக்கியது. அதன்பின் அவர் நினைவு சில நொடிகளில் அழிந்துவிடும். டைரி எழுதினார். பக்கம் பக்கமாக ஒரே விஷயம்: இந்த மணிக்கு இப்போதுதான் முதல்முறையாக முழுசாக விழித்திருக்கிறேன். சில நிமிடம் கழித்து அதை அடித்துவிட்டு, இல்லை, இப்போதுதான் விழித்தேன் என்று அடுத்த வரி. முந்தைய வரி யாருடையது என்று கேட்டால், கையெழுத்து தன்னுடையதுதான் என்பார், ஆனால் அதை எழுதியபோது தனக்கு உணர்வே இல்லை என்று கோபப்படுவார். பியானோ முன் உட்கார வைத்தால் மட்டும் விரல்கள் வாசிக்கும். மனைவி டெபோரா ஒவ்வொரு முறை அறைக்குள் வரும்போதும் பல வருஷம் கழித்துப் பார்ப்பதுபோல் கட்டிக்கொள்வார்.

லெனர்ட் தன் கையெழுத்தைக் கண்மூடி நம்புகிறான். வேரிங்கால் தன் கையெழுத்தைக்கூட நம்ப முடியவில்லை. திரைக்கதை எழுதுபவர் யாரும் இந்த இரண்டாவதை இன்னும் சரியாகத் தொட்டதாக எனக்குத் தெரியவில்லை.

மறதி இல்லாத நம் நினைவாவது சரியானதுதானே?

டெடியிடம் லெனர்டே இதைப் பற்றி வாதாடுகிறான்: நினைவு ஒரு அறையின் வடிவத்தையே மாற்றும், காரின் நிறத்தையே மாற்றும், போலீஸ் தேடுவது தடயத்தைத்தான் என்கிறான். சரியான பேச்சு. 1974-ல் எலிசபெத் லோஃப்டஸும் ஜான் பாமரும் மாணவர்களுக்குக் கார் விபத்துக் காட்சிகளைக் காட்டி, கார்கள் என்ன வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். 'இடித்தபோது' என்று கேட்டால் சராசரி பதில் மணிக்கு 34 மைல். 'நொறுங்க மோதியபோது' என்று கேட்டால் ஏறக்குறைய 41 மைல். பார்த்தது ஒரே காட்சி, மாறியது ஒரு வினைச்சொல். நடாலி பேனாக்களை ஒளிக்கக்கூடத் தேவையில்லை.

'ஷட்டர் ஐலண்ட்'டில் டெடி டேனியல்ஸ் அதிகாரியா, நோயாளியா?

நோயாளிதான். டென்னிஸ் லெஹேன் நாவலை வைத்து மார்ட்டின் ஸ்கோர்செஸி 2010-ல் எடுத்த படம். காணாமல் போன ஒரு நோயாளியைத் தேடித் தீவு மருத்துவமனைக்கு வரும் அதிகாரியாக லியோனார்டோ டிகாப்ரியோ. மூன்று பிள்ளைகளையும் ஏரியில் மூழ்கடித்த மனைவியைச் சுட்டுக்கொன்ற துயரம் தாங்காமல், தனக்கு ஒரு துப்பறியும் கதையைத் தானே கட்டிக்கொண்டவன் என்று கடைசியில் தெரியவருகிறது. 'எல்லாம் மருத்துவமனையின் சதி, அவன் சொல்வதுதான் நிஜம்' என்று ஒரு கட்சி இன்னும் இருக்கிறது. அவர்கள் இரண்டாவது முறை பார்க்க வேண்டும். வாசலில் துப்பாக்கியைக் கொடுக்கச் சொல்லும்போது கூட்டாளி சக் உறையிலிருந்து அதை எடுக்கத் தெரியாமல் தடுமாறுவான். அவன் அதிகாரி அல்ல, வேஷம் போட்ட மருத்துவர். விசாரணையில் ஒரு பெண் தண்ணீர் குடிக்கும்போது ஒரு ஷாட்டில் அவள் கையில் டம்ளரே இருக்காது.

கதை 1954-ல் நடப்பதும் யோசித்து வைத்ததுதான். மூளையை வெட்டும் லோபோடமிக்காக எகாஸ் மோனிஸ் நோபல் பரிசு வாங்கியது 1949-ல். குளோர்புரோமசின் என்ற மனநோய் மருந்து அமெரிக்க மருத்துவமனைகளுக்குள் வந்தது 1954-ல்தான். கத்தியா, மருந்தா, பேச்சா என்று டாக்டர்கள் சண்டையிட்ட அதே வருஷம். கடைசிப் படிக்கட்டுக் காட்சியில், அரக்கனாக வாழ்வதா, நல்லவனாகச் சாவதா என்ற பொருளில் அவன் ஒரு கேள்வி கேட்டுவிட்டு எழுந்து போகிறான். டாக்டர் 'டெடி' என்று கூப்பிடுகிறார், அவன் திரும்புவதில்லை. அவன் தெளிந்துவிட்டான், தெரிந்தே கத்தியை ஏற்கிறான் என்றுதான் நான் படிக்கிறேன். அந்தக் கேள்வி நாவலில் கிடையாது.

இவை பிடித்தால் அடுத்து எதைப் பார்க்கலாம்?

'தி ஃபாதர்' (2020), முதலில் அதுதான். முதுமை மறதியுள்ள அப்பாவாக ஆண்டனி ஹாப்கின்ஸ். ஒரே வீடுபோல் தெரியும், ஆனால் சுவரும் சாமான்களும் சத்தமில்லாமல் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு காட்சியில் மகளாக வருவதே வேறு நடிகை. கொலை எதுவும் இல்லாமல் இவ்வளவு பயமுறுத்திய படம் நான் பார்த்ததில்லை. வீட்டில் இப்படி ஒருவரைப் பார்த்துக்கொள்பவர்கள் தனியாக உட்கார்ந்து பார்க்க வேண்டாம்.

மலையாளத்தில் 'மும்பை போலீஸ்' (2013), பிருத்விராஜ். நண்பனின் கொலையில் குற்றவாளியைக் கண்டுபிடித்த கையோடு விபத்தில் நினைவிழக்கும் போலீஸ் அதிகாரி, அதே வழக்கைத் திரும்ப முதலிலிருந்து விசாரிக்கிறார். இதற்கு மேல் சொன்னால் அடிப்பீர்கள். டேவிட் லிஞ்சின் 'மல்ஹாலண்ட் டிரைவ்' (2001) புரிந்தே ஆக வேண்டும் என்று நினைக்காதவர்களுக்கு மட்டும்.

'மெமென்டோ'வில் உங்களுக்குப் பிடித்த காட்சி? நடாலி காட்சியைத் தவிர.

மோட்டல் வரவேற்பு மேஜைக்காரன் பர்ட். லெனர்டைத் தவறான அறைக்குக் கூட்டிப்போய்விட்டு, உனக்கு ரெண்டு ரூம் போட்டு வாடகை வாங்குகிறோம் என்று தானாகவே ஒப்புக்கொள்வான். வியாபாரம் மந்தம், முதலாளியிடம் உன் மறதியைச் சொன்னேன், இன்னொரு ரூமையும் தள்ளிவிடச் சொன்னார், அவ்வளவுதான். ஏமாற்றுவதை இப்படி நேரே சொல்கிறாயே என்று லெனர்ட் கேட்டால், எப்படியும் மறந்துவிடப்போகிறாய் என்கிறான். கடைசியில் அக்கறையாக ஒரு புத்திமதி வேறு: எப்போதும் ரசீது வாங்கிக்கொள்.

லெனர்ட் சொல்வான், சரி, எழுதி வைத்துக்கொள்கிறேன் என்று.